கொழும்பு பெரட்டுக்கு வரவில்லை

அரச அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் உரிய காலத்துக்குள் பதில் அனுப்பப்பட வேண்டும். அது முடியாத நிலையில், கடிதம் கிடைத்தது என்றும் விடயம் கவனிக்கப்படுகிறது என்றும் ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்பப்பட வேண்டும். இது விதி. இதை எழுதியவர்கள் இதை நம்பியிருக்க மாட்டார்கள். நிறைவேற்ற வேண்டியவர்கள் நம்பியதில்லை என்பதை, பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற நான் உறுதிப்படுத்துகிறேன். எனக்குத் தெரிந்து இந்தத் தீவில் இந்த விதியை முழு மனதோடு நம்பிய ஒரே மனிதர், பதுளையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரரான பெரட்டுக் கணக்கப்பிள்ளைதான்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. தபால்காரருக்குக்கூட அது மறந்துபோய்விட்டது.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். முழுநாள் வேலை செய்தவருக்கு முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். அந்தப் பெரட்டைத் தன் வாழ்நாளெல்லாம் நடத்தியவர், ஓய்வுக்குப் பிறகும் நிறுத்தவில்லை. ஆட்கள் இல்லாததை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து பதுளையிலேயே தங்கிவிட்ட எனக்கு, குளிர்காலையில் போர்வைக்குள் கிடப்பது ஓய்வூதியத்தின் ஒரு பகுதி. அவர் குடிவந்த மறுநாள் காலை அந்தப் பகுதி பறிபோனது.

"ரேடியேட்டர்!"

'டங்' என்று ஒரு சத்தம்.

"சரி. ரெண்டு கதவும் வந்துருச்சா? டேய் ஹோர்னு, நேத்தும் வரலே, இன்னிக்கும் வாயத் தொறக்க மாட்டேங்குற. உனக்கு அரைப்பேருதான்!"

யாரையோ திட்டுகிறார் என்று நினைத்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மனிதர் ஒருவரும் இல்லை. தகரக் கொட்டிலில் ஒரு காரின் எலும்புக்கூடு. அதன் முன்னால் சாக்கு விரித்து, அதன்மேல் காரின் உறுப்புகள் எல்லாம் உயர வரிசைப்படி. கையில் ஸ்பானருடன் இவர். பெயரைக் கூப்பிட்டு, ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் வந்தால் ஆள் வந்திருக்கிறது. ரப்பர் சாமான்களைத் தட்டினால் சத்தம் வராது என்பதால், அவற்றை மட்டும் விரலால் கிள்ளிப் பார்த்து வரவு வைத்தார்.

"கணக்கப்பிள்ளை, விடியக்காலமை ஆரோட கதைக்கிறியள்?" என்றேன்.

"வாங்க ஐயா. ஆளுங்க கூடத்தான்."

"உது ஆளுகளோ?"

"பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒழுங்கா வேலை செய்யுங்க ஐயா. சும்மா 'ஏய்'னு கூப்பிட்டா நீங்க வேலை செய்வீங்களா?"

என்னை என் மேலதிகாரிகள் பெரும்பாலும் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் எப்படி வேலை செய்தேன் என்பது ஊருக்குத் தெரியும். போர்வைக்குள் திரும்பிவிட்டேன்.

கார் அவருடைய பழைய தோட்டத்துத் துரையுடையது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளுமே, அந்தக் காலத்துக் கார். துரைமார் மாறினார்கள், புது ஜீப்புகள் வந்தன, இது தோட்டத்துப் பழைய கொட்டிலில் கோழிகளுக்கு வீடாயிற்று. தோட்டம் அந்தக் கொட்டிலை இடித்தபோது கணக்கப்பிள்ளை போய், காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கோழியும் கூடவே வந்தது. பின்சீட்டில் முட்டையிட்டுப் பழகிய கோழி. அதை எழுப்ப அவர் சம்மதிக்கவில்லை. "நமக்கு முன்னாடி குடியிருந்த ஆளுங்க ஐயா" என்றார். காணிச் சட்டத்தில் அவர் சொல்வதற்கு இடம் இருந்தபடியால் நானும் வற்புறுத்தவில்லை.

உறுப்புகள் தேடி ஊவா மாகாணம் முழுக்க அலைந்தார். வெலிமடையில் யாரோ வீட்டில் நாய்க்குத் தண்ணீர் வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்து, அது தன் காரின் சக்கர மூடி என்று அடையாளம் கண்டு, நாயுடன் பேச்சுவார்த்தை நடத்தி மீட்டு வந்தார். "ஓடிப்போன ஆளப் புடிச்சிட்டு வந்துட்டேங்க!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னார். நாயும் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். உதவாது என்று தெரிந்த உறுப்புக்குப் பத்துச்சீட்டு. தோட்டத்தில் ஆளை வேலையிலிருந்து கணக்குத் தீர்த்து அனுப்பும்போது கொடுக்கும் சீட்டு அது. இவர் வாயாலேயே கொடுத்துவிடுவார். "டைனமோ, ஒனக்கும் வயசாயிருச்சி. போயிட்டு வாப்பா." அதைக் குப்பையில் போடமாட்டார். கொட்டிலின் பின்னால் பலாமரத்தடியில் ஓய்வாக வைத்துவிடுவார். நான் வேலையிலிருந்து போனபோது எனக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை. ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். அது ஓடவில்லை.

கார் முதன்முதலாகக் கிளம்பிய நாளை எங்கள் ஒழுங்கை மறக்காது. ஒழுங்கை சரிவானது. சரிவின் அடியில் இருப்பது என் போஞ்சிப் பாத்தி. முன்னால் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றினார். கார் இருமியது, தும்மியது, பிறகு திடீரென்று உயிர் வந்து, அவர் பாய்ந்து ஏறுவதற்குள் கிளம்பிவிட்டது. ஏறிவிட்டார். பிரேக்கையும் மிதித்தார். நான் வேலியருகில் நின்று, ஒரு பச்சைநிறப் பொருள் என்னைத் தேடி வருவதை, அரச ஊழியனுக்குரிய நிதானத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வேலி விழுந்தது. போஞ்சிக் கொடிகளுக்குள் கார் நின்றது. இடதுபக்கத்துச் சின்னக் கை மட்டும் 'டக்' என்று வெளியே நீண்டு, தான் திரும்பப்போவதாக அறிவித்தது.

மறுநாள் காலை வேலி கட்ட வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மன்னிச்சுக்கிருங்க ஐயா. பிரேக்க வேலையில இருந்து நிறுத்திட்டேன்."

"அது நிறுத்தாததுதானே ஐசே பிரச்சினை!"

அவர் மனைவி சரசு, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர், சிரித்துச் சிரித்துக் கம்பை விட்டுவிட்டார். வேலி இரண்டாம் முறை விழுந்தது.

இதெல்லாம் எதற்காக என்று ஒருநாள் கேட்டேன். கார்புரேட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்தக் கார் வந்தா நாங்க ரோட்டோரத்துல ஒதுங்கி நிக்கணும் ஐயா. நான் தொப்பியக் கழட்டிக்கிட்டு நிப்பேன். சரசு கொழுந்துக் கூடையோட தண்ணி ஓடுற கான்ல எறங்கி நிக்கும். மழை நாள்ல சேத்த வாரி அடிச்சுட்டுப் போவும். அந்தப் புள்ளைய இதோட முன்சீட்டுல உக்கார வெச்சு, ஹல்துமுல்லையில அவ அக்கா வீட்டு வாசல்ல கொண்டுபோய் எறக்கணும். அம்புட்டுதான்."

அக்கா வீடு, மண்சரிவு அபாயம் என்று தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து எழுப்பி, வேறிடத்தில் கட்டிக்கொடுத்த வீடு. பஸ்ஸில் இறங்கி ஏற்றத்தில் நடக்கவேண்டும். சரசம்மாவின் முழங்கால்கள் அதற்குப் பத்துச்சீட்டு வாங்கிவிட்டன. அக்காவையும் தங்கையையும் கைத்தொலைபேசிதான் சேர்த்து வைத்திருந்தது. இரண்டு பேரும் பேசினால் அது சூடேறி, துணியால் பிடிக்கவேண்டி வரும்.

கடைசியில் கார் ஆயிற்று. பிரேக் பிடித்தது. ஹோர்ன் முழுப்பேர் வாங்கியது. பச்சைப் பெயிண்ட் அடித்து, கண்ணாடி துடைத்து, முன்சீட்டில் ஒரு வெள்ளைத் துவாய் விரித்து, கணக்கப்பிள்ளை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். துரைக்கு அவர் திறந்து பிடித்த அதே விதம். நாங்கள் எல்லோரும் பார்க்க வந்திருந்தோம்.

சரசம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் நின்றார்.

"நம்பர் எங்க?"

"அது வந்து... பழைய நம்பரு ரத்தாகிக் கெடக்கு. வண்டிய ஒடைச்சிட்டதா கொழும்புல எழுதி வெச்சிருக்காங்க. சரி பண்ணிருவோம். இப்ப சும்மா ஒழுங்கை முனை வரைக்கும் ஏறேன்."

"பேரு பதியாத வண்டியா?"

"ஆமா."

"நான் ஏறமாட்டேன்."

"ஏ சரசு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பேரு பதியாம ரோட்டுல போனவ நான். ஐடென்டிக் கார்டு இல்லேன்னு பஸ்ஸுல இருந்து எறக்குனாங்க. பஸ்ஸு போயிருச்சு. பண்டாரவளை ரோட்டுல மழையில நின்னேன். அன்னிக்கு என்னோட பஸ்ஸுல வந்தவங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கலே. மறுபடி அந்த மாதிரி ரோட்டுல என்னால நிக்க முடியாது. பேரோட வாங்க, ஏறுறேன்."

சொல்லிவிட்டு வெள்ளைத் துவாயை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கணக்கப்பிள்ளை திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார். கோழி ஏறிக்கொண்டது.

அன்று பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். ஒழுங்கையில் யாருக்கும் அரசாங்கத்தோடு ஏதாவது காரியம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். நடந்தது இதுதான். எங்கோ வேறு மாவட்டத்தில் ஒரு லொறியை உடைத்திருக்கிறார்கள். அதன் இலக்கத்தை எழுதியவர் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டார். லொறி பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது, இந்தக் கார் செத்துவிட்டது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். எனக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

"ஒரே ஒரு இலக்கம்தான். சின்னப் பிழை" என்றேன்.

"சின்னப் பிழைதாங்க. எங்க அப்பா பேரு ராமையா. பதிவுல ராமாயின்னு எழுதிட்டாங்க. அவரு ஆம்பளைன்னு நிரூபிக்கவே நாங்க ரெண்டு சாட்சி புடிக்க வேண்டியதாப் போச்சு. பாட்டிதான் ஒரு சாட்சி."

திருத்தம் கோரி ஒரு கடிதம், இயந்திர இலக்கம், சட்டக இலக்கம், இரண்டு புகைப்படம். இவ்வளவுதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். கார் இந்த நாட்டில் தொடர்ச்சியாக வசித்து வருகிறது என்று அயலவர் இருவரின் உறுதிமொழி. கார் எந்தக் குற்றத்திலும் சம்பந்தப்படவில்லை என்று இன்னொன்று. கார் வந்த கப்பலைத் தெரியும் என்று சொல்லும் ஒரு கிழவரின் கைநாட்டு. கிராம உத்தியோகத்தரிடம் போய்க் காருக்குக் குடியிருப்புச் சான்றிதழும் கேட்டிருக்கிறார். அந்தப் பெண், வாக்காளர் இடாப்பில் காரின் பெயர் இல்லாததால் தரமுடியாது என்று மிகவும் பணிவாகச் சொல்லியிருக்கிறாள்.

"கணக்கப்பிள்ளை, இது பிரஜாவுரிமை விண்ணப்பமில்லை."

"எனக்கு அது ஒண்ணுதாங்க எழுதத் தெரியும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கும் இதுக்கும் கேஸு ஒண்ணுதானுங்களே. வெளியில இருந்து கொண்டாந்தாங்க. மலையில வேலை வாங்குனாங்க. பேரு கேட்டா இல்லேங்குறாங்க" என்றார்.

அலுவலகக் கோவையில் எப்படிப் பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியாத விடயங்கள் மிகக் குறைவு. அன்று ஒன்று கூடியது. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்தேன். கைநாட்டை அவர் எனக்குத் தெரியாமல் உறைக்குள் வைத்துவிட்டார்.

அப்போதுதான் அந்த விதியை அவருக்குச் சொன்னேன். பதில் வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இடைக்காலப் பதிலாவது வரவேண்டும் என்று. அவர் எழுந்து நின்று கேட்டார். மறுநாள் காலைப் பெரட்டில் புதுப்பெயர் ஒன்று கேட்டது.

"கொழும்பு!"

ஸ்பானரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தபால்காரர் வரும் படலைப் பக்கம் காது கொடுத்து நின்றார். ஒரு சத்தமுமில்லை.

"கொழும்பு வரலே. பேரு வெட்டு!"

அதிலிருந்து தினமும். மழை விட்டது, மறுபடி வந்தது. பலாப்பழம் முடிந்தது. கொழும்பு பெரட்டுக்கு வரவில்லை. நான் நினைவூட்டல் கடிதம் எழுதினேன். நினைவூட்டலை நினைவூட்டி இன்னொன்று எழுதினேன். ஒழுங்கையில் பள்ளிக்கூடம் போகாமல் ஒளிக்கும் பிள்ளைகளை 'கொழும்பு' என்று அழைக்கத் தொடங்கினார்கள். சரசம்மா மட்டும் சிரிக்கவில்லை. தினமும் அந்தப் பெயர் கூப்பிடும்போது, பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பதை நான் வேலிக்கு மேலால் கண்டேன்.

இந்த நேரத்தில் அக்கா விழுந்து இடுப்பில் அடி என்று செய்தி வந்தது. கணக்கப்பிள்ளை காரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, ஏதாவது விதி இருக்குங்களா?"

இருந்தது. ஓய்வு பெற்றவன் மூளையிலிருந்து விதிகள் ஓய்வு பெறுவதில்லை. "ஓடினால்தான் அது வாகனம். ஏத்திக்கொண்டு போனால் சரக்கு. சரக்குக்கு நம்பர் தேவையில்லை" என்றேன்.

மரக்கறி லொறி ஒன்று வந்தது. சரசம்மா அதன் நம்பரை வாசித்துப் பார்த்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சட்ட ஆலோசகன் என்ற முறையில் நான் பக்கத்தில். பின்னால், பலகை போட்டு ஏற்றிக் கயிறால் கட்டிய கார். காருக்குள் கணக்கப்பிள்ளை. இறங்கச் சொன்னோம். ஆள் இல்லாமல் அனுப்பினால் கார் பயப்படும் என்றார்.

அப்புத்தளை வளைவுகளில் அந்த மனிதர் லொறியின் முதுகில் இருந்துகொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஹோர்ன் அடித்தார். இடது வளைவுக்கு இடது கை, வலது வளைவுக்கு வலது கை, தவறாமல் நீண்டது. பின்னால் வந்த பஸ்காரர் குழம்பிப்போய் எங்களை முந்தவே இல்லை.

பொலிஸ் மறித்தது. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒரு சார்ஜன்ட்.

"அந்தக் காருக்கு நம்பர் எங்க?"

"அது கார் இல்லை. சரக்கு" என்றேன்.

"அப்ப உள்ள இருக்கிற ஆள்?"

இதற்கு விதி எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. "அவரும் சரக்குத்தான்" என்றேன்.

சார்ஜன்டுக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருளும் தெரிந்திருந்தது. மேலே ஏறிக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, கணக்கப்பிள்ளையின் வாயை முகர்ந்து பார்த்தார். வெற்றிலை மணம். "ஊதுங்க" என்றார். கணக்கப்பிள்ளை ஹோர்னை அடித்தார். சார்ஜன்ட் இறங்கி வந்து, "போங்க, என் கண்ணுக்கு முன்னால நிக்காதீங்க" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

அக்கா வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. இடுப்பில் அடி என்று படுத்திருந்த கிழவி, காரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "ஏத்துங்கடா என்னைய!" என்றாள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி லொறியில் ஏற்றினார்கள். அவள் நேரே போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"அடியே சரசு, சோபா மாதிரி இருக்குடி! நீ உக்காந்து பாத்தியா?"

சரசம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் என்னிடம் கேட்டார்.

"ஐயா, கொழும்புக்காரங்க பதில் போடுவாங்கதானே?"

"விதி இருக்கு, பிள்ளை."

"விதி இருக்குன்னு எனக்கும் தெரியுங்க. போடுவாங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அன்றே மூன்றாவது நினைவூட்டலை எழுதினேன். என் சேவைக்காலத்தில் எழுதியதிலெல்லாம் மரியாதை குறைந்த கடிதம் அதுதான்.

பதில் வந்தது. இடைக்காலப் பதில் அல்ல, முழுப்பதில். இரத்து நீக்கப்பட்டது, பழைய இலக்கம் செல்லும், தவறுக்கு வருந்துகிறோம். அத்துடன், தேவையற்ற இணைப்பு திருப்பி அனுப்பப்படுகிறது என்று, கிழவரின் கைநாட்டு.

மறுநாள் காலை நான் பெரட்டுக்கு முன்பே வேலியருகில் நின்றேன். தற்செயலாகத்தான். காருக்கு நம்பர் தகடு மாட்டியிருந்தது. சாமான்கள் எல்லாம் பெயர் சொல்லி முடிந்தன.

"கொழும்பு!"

கடித உறையை ஸ்பானரால் தட்டினார். 'சரக்' என்றது.

"வந்திருக்கு. ஆனா லேட்டு. அரைப்பேரு!"

பிறகு கொஞ்சம் தயங்கினார். குரல் இறங்கியது.

"சரசு."

"வந்துட்டேன்ல, எதுக்குக் கத்துறீங்க?" சரசம்மா நல்ல சேலை உடுத்து வாசலில் நின்றார். இறங்கி வந்து, நம்பர் தகட்டைத் தலைப்பால் துடைத்தார். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து வாய்விட்டு வாசித்தார். பிறகு முன்கதவைத் தானே திறந்து, வெள்ளைத் துவாயைத் தானே விரித்து, உட்கார்ந்தார். கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். பழக்கம் போலிருக்கிறது. அல்லது பழக்கம் இல்லாமலும் இருக்கலாம்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி" என்றார் சரசம்மா, காருக்குள்ளிருந்து.

"பெரிய கிளாக்கரய்யா!" என்று கூப்பிட்டார் அவர், வேலியைப் பார்த்து.

என்னை யாரும் ஸ்பானரால் தட்டும் முன் நானே சொன்னேன். "வந்திருக்கிறன்."

"முழுப்பேரு!"

இத்தனை வருட அரச சேவையில் எனக்கு யாரும் அதைப் போட்டதில்லை. ஹல்துமுல்லைக்குப் போக, பின்சீட்டில் கோழியை ஒதுக்கிவிட்டு ஏறினேன். இந்தப் பெரட்டு நிற்காமல் நடக்கவேண்டும் என்பது என் தனிப்பட்ட விண்ணப்பம். அதை எந்த அலுவலகத்துக்கும் நான் அனுப்பவில்லை. கோவையை முடிக்க ஒரு குறிப்பு மட்டும் மீதி. பதில் கிடைத்த தேதி: தைப்பூசத்துக்கு முந்தின நாள், திங்கட்கிழமை.